கம்பத்துக் கடையில் ஒரு கடல்

எங்கள் கடை கம்பத்தில், பஸ் ஸ்டாண்டில் இருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுப்பது தொழில். ஏணியில் ஏறுவது, சுவரில் துளை போடுவது, வயர் இழுப்பது எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை. கடையில் உட்கார்ந்து, மாட்டிய கேமராவை இணையத்தில் இணைத்து, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்ப்பது என் வேலை. அதனால் என் மேசைக்கு எதிரே ஒரு பெரிய திரை. அதில் கட்டம் கட்டமாக எங்கள் பள்ளத்தாக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் திராட்சைப் பந்தல், ஒன்றில் ஏலக்காய் கிடங்கு, ஒன்றில் கூடலூரில் குமுளிக்கு ஜீப் கிளம்பும் இடம். பார்க்கச் சொல்லிப் பணம் கட்டுகிறவர்களுடைய இடங்கள் அவை.

அந்தக் கட்டங்களில் ஒன்று மட்டும் கடல்.

என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் லாட்ஜ் நடத்துகிறார். கோயிலுக்கு வருகிறவர்களும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் அந்தக் கரையில்தான் குளிப்பார்கள். ஒருநாள் போன் போட்டார்.

"கடலு எப்படி இருக்கு, குளிக்கலாமா, அலை சாஸ்தியான்னு கேட்டுக் கேட்டே உசுர வாங்குறாக. மாடியில ஒரு கேமராவப் போட்டு, லாட்ஜோட நெட்டுப் பக்கத்துல லைவா விட்டுரு. அவுகளே பாத்துக்கிரட்டும்."

நானும் வீட்டுக்காரரும் போய் மாட்டிவிட்டு வந்தோம். கடல் காற்றில் உப்புப் படிந்து இரண்டொரு நாளில் கண்ணாடி மங்கிவிடும். மங்கியதும் நான் கம்பத்தில் இருந்து கூப்பிட்டு, "அண்ணே, தொடைக்கச் சொல்லுங்க" என்பேன். அவ்வளவுதான் அந்தக் கடலுக்கும் எனக்கும் இருந்த உறவு. மதினி கடைக்கு வரும்வரை.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சை போட்டிருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். குரல் நாலு பந்தலுக்கு அப்பால் கேட்கும். ஒரு மழையில் தோட்டத்து மண் புரண்டு, சொட்டுநீர்க் குழாயின் கேட்வால்வுகள் எல்லாம் புதைந்துபோயின. கடப்பாரையால் குத்திக் குத்தித் தேடிப் பார்த்துவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று மெட்டல் டிடெக்டர் ஒன்றை வரவழைத்தார். நீளக் கம்பின் நுனியில் ஒரு தட்டு; தட்டுக்குக் கீழே இரும்போ செம்போ இருந்தால் கூவும். மதினி அதற்கு வைத்த பெயர் தட்டுக்கம்பு.

கேட்வால்வுகள் அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டன. ஆனால் மதினி தட்டுக்கம்பைக் கீழே வைக்கவில்லை. தொலைந்துபோன ஸ்பேனர் கிடைத்தது. மண்வெட்டிப் பூண் கிடைத்தது. பிறகு, களத்து மேட்டில், யாருடையது என்றே தெரியாத ஒற்றை வெள்ளிக் கொலுசு. அந்தக் கொலுசுதான் மதினியைப் பிடித்து ஆட்டிவிட்டது. தோட்டத்தில் இருந்த இரும்பையெல்லாம் எடுத்துத் தீர்த்துவிட்டு, தட்டுக்கம்பின் ஹெட்போன் வயர் அறுந்ததை ஒட்ட வைக்க எங்கள் கடைக்கு வந்தார்.

நான் வயரை ஒட்டிக்கொண்டிருந்தேன். மதினி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, இது எந்தூருக் கம்மா? இந்தத் தளும்பு தளும்புது?"

"கம்மா இல்ல மதினி, கடலு. எங்க அண்ணே லாட்ஜு."

"அங்கன என்ன, ஆளுக குளிக்கிறாகளா?"

"பூராப் பேரும் அங்கனதான் குளிக்கிறாக."

மதினி திரைக்கு இன்னும் கிட்டே வந்தார். அலையில் முங்கி எழுந்த ஒரு கூட்டத்தைப் பார்த்தபடியே இருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, கழுத்துல காதுல கெடக்கத எல்லாம் அங்கன தொலைக்கத்தான செய்வாக?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த நிமிடத்தில் இருந்து நானும் மதினியோடு சேர்ந்துவிட்டேன்.

அடுத்த வாரமே மூன்று பேரும் கிளம்பிப் போனோம். வீட்டுக்காரர் கேமராவைச் சரிபார்க்கிற சாக்கில் வந்தார். விடிந்ததில் இருந்து வெயில் ஏறும் வரை மதினி கரையை உழுதார். தட்டுக்கம்பு ஓயாமல் கூவியது. கூவிய இடத்தில் எல்லாம் நான் தோண்டினேன். சோடா மூடி. பிஸ்கட் உறையின் வெள்ளித்தாள். துருப்பிடித்த தூண்டில் முள். மறுபடியும் சோடா மூடி. முதுகு ஒடிந்துபோய் நாங்கள் லாட்ஜ் வாசலில் உட்கார்ந்தபோது, அண்ணன் டீயைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"மதினி, நீங்க வந்திருக்கது மணலு ஏறிக் கெடக்குற காலம். மோதரமோ காசோ விழுந்துச்சுன்னா மேலயா கெடக்கும்? கனமான பொருளு கீழ போய்க்கிட்டே இருக்கும். இந்த மணலுக்கு அடியில இறுகுன களிமண்ணு ஒண்ணு இருக்கு, அங்கன போய்த்தான் நிக்கும். கடலு சீறி மணல அரிச்சு எடுத்துட்டுப் போகுதுல்ல, அன்னைக்கு வந்தீகன்னா கையாலயே பெறக்கலாம். எங்க ஊரு ஆளுக அப்படித்தான் பெறக்குறாக."

"அது என்னைக்கு?" என்றார் மதினி.

"அத யாரு கண்டா? காத்தடிக்கிற காலத்துல ஒரு ராவுல போகும். மறுவாரம் திரும்பி வந்துரும். நீங்க அங்கன இருந்து வந்து சேர்றதுக்குள்ள மூடிரும்."

மதினி கையில் டீ கிளாஸோடு என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து மொட்டை மாடியைப் பார்த்தோம். அங்கே, நாங்களே மாட்டிய கேமரா, கரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் என் வேலை தொடங்கியது. கேமராவில் மணலின் உயரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? மணல் என்பது திரையில் வெறும் வெளிர் நிறம். ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரிதான் தோன்றும். அளவுக்கு ஒரு பொருள் வேண்டும். படத்தில் தேடித் தேடி, ஒரு கல்லைக் கண்டுபிடித்தேன். முன்னொரு காலத்தில் வள்ளத்தைக் கட்டி நிறுத்துவதற்காக ஊன்றிய கல்தூண். அப்போது அதன் தலை மட்டும், ஒரு குட்டி ஆட்டுரல் மாதிரி, மணலுக்கு வெளியே தெரிந்தது. நான் என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, கல்லும் மணலும் சேருகிற இடத்தில், திரையின் மேலேயே ஒட்டினேன். மணல் பொட்டுக்குக் கீழே இறங்கினால் கல் நீளும். அவ்வளவுதான் கணக்கு.

தினமும் காலையில், ஒரே வெளிச்சத்தில், ஒரு படம் பிடித்துச் சேமித்தேன். கொஞ்ச நாள் ஆனதும் அந்தப் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தேன். பார்த்ததும் மெய்சிலிர்த்துவிட்டது. தினமும் பார்க்கும்போது சும்மா கிடந்த கரை, படங்கள் ஓடும்போது மூச்சுவிட்டது. மணல் ஏறியது, தாழ்ந்தது, கல்லின் இடது பக்கம் குவிந்தது, பிறகு வலது பக்கம் நகர்ந்தது. உடனே மதினிக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே போன் வந்தது.

"ஆத்தாடி! அது தரையா என்ன? உசுரோட கெடக்குடீ!"

அப்புறம் மதினி என்னை விடவில்லை. காலையில் நான் பல் விளக்குவதற்கு முன்னால் போன் வரும். "கல்லு எம்புட்டு?" அதுதான் வணக்கம், அதுதான் நலம் விசாரிப்பு. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "ரெண்டு பேரும் கல்ல வச்சுக் குடும்பம் நடத்துறீக."

ஒருமுறை ஏமாந்தும் போனோம். ஐப்பசியில் ஒரு காலை, கல் பொட்டுக்குக் கீழே நன்றாக நீண்டு தெரிந்தது. நான் கத்தினேன். மதினி புளிச்சோறு கட்டிக்கொண்டு, தட்டுக்கம்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். தேனி போய் இறங்கியிருப்பார், நான் திரையை மறுபடி பார்த்தேன். கடலும் வானமும் சேருகிற கோடு சாய்ந்திருந்தது. கடல் எங்காவது சாயுமா? அண்ணனுக்குப் போன் போட்டால், "காக்கா ஒண்ணு கேமரா மேல கூடு கட்டப் பாக்குதும்மா, நாந்தான் வெரட்டினேன்" என்றார். காக்கா உட்கார்ந்ததில் கேமரா ஒரு பக்கம் சாய்ந்து, கல் பொட்டை விட்டு நகர்ந்திருக்கிறது. மதினியைத் தேனி பஸ் ஸ்டாண்டில் இருந்து திருப்பிக் கூப்பிட வேண்டியதாயிற்று. வந்து, புளிச்சோற்றை எங்கள் கடையில் பிரித்து வைத்து, "தின்னுங்க, காக்காவுக்குப் படைச்சது" என்றார்.

கார்த்திகையில் காற்று மாறியது. இங்கே எங்கள் பள்ளத்தாக்கில் தூறல் விடவில்லை. மேற்கே மலை தெரியாமல் மேகம் இறங்கிக் கிடந்தது. ஓடைப்பட்டியில் கவாத்து முடிந்து, கொடிகள் மொட்டையாகத் துளிர்ப்புக்குக் காத்திருந்தன. திரையில் கடல் நுரையாகவே இருந்தது. அலைகள் நேராக வராமல் சாய்ந்து சாய்ந்து வந்து கரையைச் சீவின. முதல் நாள் கல்லின் கழுத்து தெரிந்தது. மறுநாள் இடுப்பு. அதற்கு மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரையைப் போட்டேன். நின்றபடியே நின்றுவிட்டேன்.

கல் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் காலடியில் வெளிர் மணல் இல்லை. கருஞ்சாம்பல் நிறத்தில், ஈரமாக, பளபளவென்று வேறொரு தரை. கரையில் மணல் செங்குத்தாக வெட்டுப்பட்டு, சுவர் எடுத்த மாதிரி இருந்தது.

முதலில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பார்த்தேன், சாயவில்லை. காக்கா இல்லை. அண்ணனைக் கூப்பிட்டு உறுதி செய்தேன். அதன் பிறகுதான் மதினிக்கு அடித்தேன்.

"மதினி, கல்லு நிக்குது."

"நிக்குதுன்னா?"

"நின்னுக்கிட்டே இருக்கு மதினி. அடிக் களிமண்ணு தெரியுது!"

போன் பட்டென்று துண்டானது. அரைமணியில், தேனி பஸ்ஸில் ஏறியாகிவிட்டது என்று மதினியிடமிருந்து போன் வந்தது. எனக்கும் கூடப் போக வேண்டும் என்று ஆசை பிய்த்துத் தின்றது. ஆனால் வீட்டுக்காரர் கூடலூரில் ஒரு கிடங்கில் பாதி வேலையில் நின்றார். கடையைப் பூட்ட வழியில்லை. "நான் இங்கன இருந்தே பாக்குறேன் மதினி" என்று போனில் சொன்னேன்.

"நீ பாத்தாத்தான்டீ எனக்குக் கண்ணு தெரியும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் மதினி கரையில் இறங்கினார். போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, காதில் அந்தப் போனின் ஹெட்போன். அண்ணன் மேலே, வெட்டுப்பட்ட மணலின் விளிம்பில், கையில் கயிறோடு காவலுக்கு நின்றார். "கல்லத் தாண்டிப் போகாதீக, தண்ணி இழுக்கும்" என்று அவர் சொல்வது எனக்கும் கேட்டது. திரையில் மதினி ஒரு சிவப்புப் புள்ளி. சேலை அது.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். படம் எப்போதும் குரலுக்குப் பின்னால்தான் வரும். கடலில் இருந்து கம்பம் வந்து சேர அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மதினி போனில் தும்மினால், சற்றுப் பொறுத்துத்தான் திரையில் தும்முவார்.

மேலே இருந்து பார்ப்பதால், கீழே நிற்கிறவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. கல்லுக்கு வலப்பக்கம், திரும்பிப் போகிற தண்ணீர் ஒரு சுழி போட்டுத் தேங்கியது. அங்கே மட்டும் தரை பள்ளமாக, கருப்பாக இருந்தது. கனமான பொருள் ஒதுங்கினால் அங்கேதான் ஒதுங்கும் என்று என் மனசு சொன்னது.

"மதினி, கல்லுக்குச் சோத்தாங்கைப் பக்கம் வாங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். அங்கன ஒரு பள்ளம் இருக்கு பாருங்க."

தட்டுக்கம்பு கூவுகிற சத்தம் என் காதுக்கே கேட்டது. மதினி குனிந்தார். "ஈயக்குண்டு. வலையில கட்டுறது." மறுபடி கூவல். "அஞ்சு ரூவா!" மறுபடி. "ஏத்தா... மெட்டிடீ! வெள்ளி மெட்டி!" நான் நாற்காலியில் இருந்து எழுந்து குதித்தேன்.

அந்த நேரம் பார்த்து அனுமந்தன்பட்டியில் இருந்து ஒருவர் வந்தார். தென்னந்தோப்பில் பன்றி நுழைகிறது, கேமரா போட என்ன ஆகும் என்று கேட்க வந்தவர். நான் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "இடது பக்கம் மதினி, இடது பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் பயந்துபோய்த் திரையைப் பார்த்தார். விவரத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டார். "அந்தா, அந்த ஓரத்துல, ஏதோ மின்னுது பாருங்கம்மா. அங்கன போகச் சொல்லுங்க அவுகள." பன்றி மறந்துபோனது.

மெட்டிக்குப் பிறகு கல் உதிர்ந்த ஒரு மோதிரம். ஒரு சாவிக்கொத்து. காசுகள். ஒவ்வொன்றுக்கும் கடையில் இரண்டு பேர் கை தட்டினோம். மதினி அந்தப் பள்ளத்தில் இருந்து மெல்ல நகர்ந்து, மணல் சுவரின் அடிக்குப் போனார். தட்டுக்கம்பு அங்கே வேறு மாதிரி கூவியது. விட்டு விட்டு அல்ல, நீளமாக, நிற்காமல்.

"என்னமோ பெருசு," மதினியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "சுவத்துக்குள்ள இருந்து சத்தம் வருதுடீ."

அண்ணன் மேலே இருந்து, "மதினி, அங்கன நிக்காதீக, சரிஞ்சுரும்!" என்பது கேட்டது.

அடுத்து என் காதில் விழுந்தது, "ஆத்தா!" என்று ஓர் அலறல். பிறகு தொப்பென்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர் இரைச்சல் மட்டும்.

திரையில் மதினி இன்னும் நின்றுகொண்டிருந்தார். குனிந்து, மணல் சுவரைக் கையால் பறித்துக்கொண்டிருந்தார். அவர் விழுந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். திரையில் இருந்த மதினிக்குத் தெரியாது. "மதினி தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க!" என்று நான் திரையைத் தட்டினேன். நடந்து முடிந்த ஒன்றை நிறுத்தப் பார்த்தேன். அப்புறம் சுவரின் மேல் ஒரு கோடு விழுந்தது. கோடு விரிந்தது. ஒரு வண்டி மணல் அப்படியே உட்கார்ந்தது. சிவப்புப் புள்ளி மறைந்தது. அதன் மேல் ஓர் அலை வந்து ஏறியது.

தோப்புக்காரர் "முருகா, முருகா" என்று எழுந்து நின்றார். இருநூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் என்ன செய்ய முடியும்? காதில் இன்னும் தண்ணீர் இரைச்சல்தான்.

அதற்கு நடுவே, கரகரத்து, ஒரு குரல் வந்தது. "ஏலே... தூக்குங்கலே..."

திரையில் அண்ணன் கயிற்றை வீசிவிட்டுத் தானும் குதிப்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அலை இறங்கியது. இடுப்பு வரை மணலில் புதைந்து, சேலையெல்லாம் சேறாக, மதினி உட்கார்ந்திருந்தார். அண்ணன் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். எழுந்து நின்ற மதினி முதலில் செய்தது, சரிந்த மணலுக்குள் குனிந்து எதையோ இரண்டு கையாலும் பிடுங்கியதுதான். பிறகு நேராக மொட்டை மாடியைப் பார்த்து, கேமராவைப் பார்த்து, என்னைப் பார்த்து, அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

நான் அழுதேன். சிரித்தேன். எது முதலில் என்று தெரியவில்லை. தோப்புக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"மதினி, அடி பட்டுச்சா?"

"அதவிடு. பச்சையா ஒரு கட்டிடீ. என்ன கனம் கனக்குது! இரு, கல்லுல போட்டு ஒடைச்சுப் பாக்குறேன்."

"ஒடைக்காதீக!" நானும் தோப்புக்காரரும் ஒரே குரலில் கத்தினோம்.

படம் எடுத்து அனுப்பினார்கள். கைக்கு அடங்காத கொழுக்கட்டை மாதிரி, பாசி நிறத்தில் ஒரு கட்டி. அதன் ஓரத்தில் வட்ட வட்டமாக விளிம்புகள் தெரிந்தன. காசுகள். ஒன்றோடொன்று ஒட்டிப்போன பழைய காசுகள்.

கூடலூரில் இருந்த வீட்டுக்காரருக்கும் படம் போனது. அவர் ஏணியில் இருந்து இறங்கி அதே நிமிடம் எங்கள் அழைப்பிலேயே வந்து சேர்ந்தார். "அக்கா, அதச் சாக்குல சுத்திக்கிட்டுப் பேசாம பஸ் ஏறு."

அண்ணன் குறுக்கே வந்தார். "மாப்ள, மண்ணுக்குள்ள கெடச்ச பழம்பொருள அப்படித் தூக்கிட்டுப் போகக்கூடாது. கவருமெண்டுக்குச் சொல்லணும், அதுதான் சட்டம். அதுபோக, இத நம்ம மட்டுமா பாத்தோம்? லைவு ஓடுதுல்ல, ஊரே பாத்திருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேமரா எல்லோருக்கும் திறந்தது. லாட்ஜின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். "அந்த அம்மா கையில என்ன?" "புதையலா?" என்று கீழே கேள்விகள் குவிந்துகொண்டிருந்தன. படத்தின் ஓரத்தில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் சல்லடையோடு. ஒருவர் மண்வெட்டியோடு.

உடனே பொது ஒளிபரப்பை நிறுத்தினேன். ஊருக்குக் கடல் இருட்டானது. எனக்கு மட்டும் தெரிந்தது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

மதினி என்ன முடிவெடுப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. திரையில் அவர் கட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ஏலே தம்பி, கேளு. இத வீட்டுக்குக் கொண்டாந்து பெட்டியில போட்டுப் பூட்டுனா, நான் எடுத்தேன்னு யாருகிட்டச் சொல்லிக்க முடியும்? மூச்சு விடாமல்ல இருக்கணும்? என்னால முடியாதுப்பா. ஆபீசரக் கூப்பிடச் சொல்லு."

சொல்லிவிட்டு, மணல் சரிந்த இடத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொல்லி, மடியில் கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சல்லடைக்காரர் நெருங்கினார். "கிட்ட வராத. ஆபீசரு வாராக. சுவரு சரிஞ்சு மேல விழும், நான் விழுந்து எந்திரிச்சவ சொல்றேன்" என்றார். அந்தக் குரலுக்கு ஓடைப்பட்டியில் மாடே நிற்கும். கூட்டம் நின்றது.

கிராம நிர்வாக அலுவலர் வந்தார், போலீஸ்காரர் ஒருவர் வந்தார், மதியத்துக்கு மேல் தொல்பொருள் அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். நான் சாப்பிடக்கூட எழவில்லை. தோப்புக்காரர்தான் எனக்குப் பரோட்டா வாங்கி வந்து கொடுத்தார். சாயங்காலம் தண்ணீர் ஏறுவதற்குள், அந்த இடத்தில் இருந்து இன்னும் கொஞ்சம் உதிரிக் காசுகளையும் உடைந்த ஒரு பானையின் கழுத்தையும் எடுத்தார்கள். மோதிரத்தையும் மெட்டியையும் அண்ணன் லாட்ஜ் வாசலில் அறிவிப்புப் போட்டு, போலீஸ்காரரிடம் கொடுத்தார். மெட்டிக்கு ஒரு சொந்தக்காரி வந்தாள் என்று பிறகு சொன்னார். மோதிரத்துக்கு யாரும் வரவில்லை.

காற்று நின்றது. தை பிறப்பதற்குள் மணல் மறுபடி ஏறிக் களிமண்ணை மூடிவிட்டது. பங்குனியில் ஒருநாள் அந்தப் பெண் அதிகாரி மதினிக்குப் போன் போட்டார். காசுகளைப் பிரித்துச் சுத்தம் செய்தாகிவிட்டது, வந்து பார்க்கிறீர்களா என்று.

மூன்று பேரும் போனோம். மதினி அறுவடைக் கூலியாட்களைக்கூட மறுநாள் வரச் சொல்லிவிட்டார். பட்டுச்சேலை கட்டியிருந்தார். ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் காசுகள் வரிசையாகக் கிடந்தன. பச்சை போய், மங்கிய செம்பு நிறம். சிலவற்றில் தேய்ந்த கோடுகள் மீன் மாதிரி தெரிந்தன.

"தங்கம் இல்லையா?" என்றார் மதினி.

"இல்லம்மா, செப்புக் காசு. மன்னர் காலத்தது" என்றார் அதிகாரி. "ஒரு பானையில போட்டு வச்சிருக்கணும். வச்சவர் திரும்ப வந்து எடுக்கல."

"ஏன் எடுக்கலயாம்?"

"அது தெரியாதும்மா."

"கடலு பக்கத்துல யாராச்சும் பானையப் பொதைப்பாகளா? அப்ப அது கடலா இருந்திருக்காது. கடலு உள்ள வந்திருக்கு. என்னம்மா, சரிதான?"

அதிகாரி சிரித்துவிட்டார். "இருக்கலாம்மா. அதத்தான் நாங்களும் பாத்துக்கிட்டு இருக்கோம்." பிறகு ஒரு கையுறையைக் கொடுத்து, ஒரே ஒரு காசை எடுத்து மதினியின் உள்ளங்கையில் வைத்தார். மதினி அதைப் பார்த்தார். மூடினார். திறந்தார். நான் பார்த்து மதினி பேசாமல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

"அவ கையிலயும் வைங்கம்மா," என்றார் என்னைக் காட்டி. "அவதான் இடத்தக் காட்டுனா. நான் வெறும் தோண்டுன ஆளு."

என் கையிலும் வைத்தார்கள். அத்தனை மாதம் அந்தக் கரையைப் பார்த்தும், என் கண்ணுக்கு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாமல் கிடந்த பொருள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கையுறைக்கு மேலும் அது சில்லென்று இருந்தது. யாரோ ஒருவர் எண்ணி, பானையில் போட்டு, மண்ணைத் தள்ளி மூடிய காசு.

வெளியே வந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினோம். அந்த இடத்தில் இனி அனுமதி இல்லாமல் யாரும் தோண்டக்கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதில் மதினிக்கு வருத்தமே இல்லை. குளிக்கிற கரையில் மெட்டியும் மோதிரமும் தேடுவதற்கு யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்றார். என் வீட்டுக்காரர், அத்தனை நாளும் தலையில் அடித்துக்கொண்டவர், அண்ணன் லாட்ஜில் இருந்து வடக்குக் கரையைப் பார்த்து இன்னொரு கேமரா போட்டால் எந்தத் தூணில் போடுவது, வயர் எம்புட்டு வேணும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மதினி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"இத முன்னாலயே கேட்டிருக்கலாம்லலே!"

பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினோம்.